அப்பத்தாவின் தோளும் ஓவியத் தளங்களின் விதிகளும்

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் உங்கள் அப்பத்தாவை மூன்று வாரம் உழைத்து டேப்லெட்டில் வரைந்தீர்கள். அந்தக் காலத்து வழக்கப்படி ரவிக்கை போடாதவர். சேலை மார்பை மூடியிருக்கிறது. தோள்கள் இரண்டும் வெறுமை. ஓவியர்கள் கூடும் ஒரு தளத்தில் படத்தை ஏற்றிய சில நிமிடங்களில் 'நிர்வாணம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நீக்கிவிட்டார்கள். கணக்குக்கு எச்சரிக்கையும் வந்துவிட்டது. அதே தளத்தில் அரைகுறை உலோகக் கவசத்தில் வாள் ஏந்தி நிற்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இதை யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள், படத்தைத் திரும்பப் பெற வழி உண்டா, ரவிக்கை வரைந்து மறுபடி ஏற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் வரைகிறவன். டிஜிட்டல் ஓவியர்களின் குழு ஒன்றில் ஏழு ஆண்டுகள் ஊதியமில்லாத மட்டுறுத்துநராக இருந்தேன். நீக்கும் பொத்தானுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டட்டியின் கனத்தில் நீண்டு தொங்கும் காது மடலுக்குள் வெயில் ஊடுருவிச் செம்மையாகத் தெரிகிறது. கழுத்துக்கும் தோளெலும்புக்கும் நடுவில் உள்ள குழியில் நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல் ஊதாவைக் கலந்திருக்கிறீர்கள். தோளில் பச்சை குத்திய புள்ளிகள் சுருக்கத்தோடு சேர்ந்து கோணியிருக்கின்றன. எண்பது கோடைகளைப் பார்த்த உடம்பு என்று எவருக்கும் தெரியும். இதில் ஆபாசம் எங்கே என்று நீங்கள் கோபப்படுவது முழுக்க நியாயம். அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்பதுதான் சிக்கல், ஏனென்றால் சில நிமிடங்களில் நீக்கம் வந்திருக்கிறது என்றால் உங்கள் படத்தை மனிதர் யாரும் அநேகமாகப் பார்க்கவே இல்லை.

பெரிய தளங்களில் இரண்டு விதமான இயந்திரச் சோதனைகள் நடக்கின்றன. ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட குற்றப் படங்களின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டோடு புதுப் படத்தை ஒப்பிடுவது முதல் வகை. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைத் தடுக்க 2009-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஃபோட்டோடிஎன்ஏ இப்படிப்பட்டது. தெரிந்த படத்தின் மறுபிரதியை மட்டுமே தேடுவதால் அது தவறுவது அபூர்வம். இரண்டாவது வகை, முன்பின் பார்த்திராத படத்துக்கு மதிப்பெண் போடுவது. லட்சக்கணக்கான படங்களைக் காட்டி, இது நிர்வாணம், இது இல்லை என்று பழக்கப்பட்ட மென்பொருள், உங்கள் படத்தைப் பார்த்ததும் 0.87 என்பதைப் போல ஓர் எண்ணைத் தரும். எந்த எண்ணுக்கு மேல் போனால் நீக்குவது என்று நிர்வாகம் கோடு போட்டிருக்கும். விதிப் பக்கத்தில் எவ்வளவு அழகான வாக்கியங்கள் எழுதியிருந்தாலும், நடைமுறையில் அந்தக் கோடுதான் விதி.

அந்த மென்பொருளுக்குக் காட்டப்பட்ட படங்களில் ரவிக்கை அணியாத தமிழ்நாட்டுப் பாட்டிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதற்குத் தெரிந்ததெல்லாம் வெறும் தோள், வெறும் கை, படத்தில் பாதியை நிரப்பும் தோல் நிறம். வாள் ஏந்திய பெண்ணின் தோளிலோ ஒரு கவசப் பட்டை ஓடுகிறது. அந்த ஒரு பட்டை அவளைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் ஊகம்.

இயந்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டம்ளர் (Tumblr) என்ற வலைப்பதிவுத் தளத்தின் கதை போதும். 2018 நவம்பரில் அதன் செயலியை ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட குற்றப் படங்கள் அங்கே அகப்பட்டதுதான் காரணம். டிசம்பர் 3-ஆம் தேதி டம்ளர் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: டிசம்பர் 17 முதல் வயது வந்தோருக்கான படங்கள் எதுவும் கூடாது. சல்லடை போட்டுச் சலிக்கும் வேலை இயந்திரத்திடம் போனது. உடையணிந்த மனிதர்களின் கோட்டோவியங்களும், குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன்களும், உடற்கூறு பழகுவதற்காக வரைந்த பயிற்சிப் படங்களும் ஆபாச முத்திரை வாங்கின. பல ஆண்டு உழைப்பை அங்கே சேர்த்துவைத்திருந்த ஓவியர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2013-இல் 110 கோடி டாலருக்கு விலைபோன தளம் 2019-இல் அதில் மிகச் சிறிய பங்குக்குக் கைமாறியது. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் ஓவியர்கள் போனது பேரிழப்பு. 2022 நவம்பரில் நிர்வாணத்தை முத்திரையோடு அனுமதிக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, விதியை மாற்றவைத்தது யார் என்பது. ஓவியர்கள் கேட்கவில்லை, பார்வையாளர்களும் கேட்கவில்லை; செயலிக் கடை வைத்திருந்த நிறுவனம் கதவைச் சாத்தியது. ஓவியத் தளங்களின் விதிகளை ஓவியம் தெரிந்தவர்கள் கூடி எழுதுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்தப் பேனாவை வெளியாட்கள் பலர் பிடித்திருக்கிறார்கள்.

பணம் கைமாற்றித் தரும் நிறுவனங்கள் அவர்களில் முக்கியமானவர்கள். கடன் அட்டை நிறுவனம் 'இந்த வகைப் படத்துக்கு எங்கள் வழியாகப் பணம் வாங்கக் கூடாது' என்று சொல்லிவிட்டால் தளம் இரண்டு நாள் தாங்காது. கம்ரோட் என்ற விற்பனைத் தளம் 2024 மார்ச்சில் வயது வந்தோருக்கான பெரும்பாலான படைப்புகளை விலக்கியபோது இதைத்தான் காரணமாகச் சொன்னது. 2025 ஜூலையில் கணினி விளையாட்டுகளை விற்கும் இட்ச்.ஐஓ தளம் அதே நெருக்கடியில் வயது வந்தோருக்கான படைப்புகள் அனைத்தையும் தேடலிலிருந்தே மறைத்தது. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. பாலியல் துன்பத்திலிருந்து மீண்டதைப் பேசும் படைப்பும் வெறும் கிளுகிளுப்பும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன. ஓவியரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

சட்டம் இன்னொரு கை. ஜப்பானின் பிக்ஸிவ் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 செப்டம்பரில் தொடங்கியது. அங்கே வயது வந்தோருக்கான படங்களுக்குத் தாராளமாக இடம் உண்டு, ஆனால் பிறப்புறுப்பை மறைத்தாக வேண்டும். ஆபாசப் படங்களைப் பரப்புவதைத் தடுக்கும் அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 175-ஆவது பிரிவுக்குப் பயந்துதான் அப்படி. எனக்குப் பிக்ஸிவிடம் பிடித்தது அதன் முத்திரை முறை. பாலியல் படத்துக்கு ஆர்-18, ரத்தமும் சிதைவும் உள்ள படத்துக்கு ஆர்-18ஜி என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். பார்க்க விரும்புகிறவர் தன் கணக்கின் அமைப்பில் தானே போய்த் திறந்துகொள்ள வேண்டும். நிர்வாணத்தைப் பார்க்கச் சங்கடப்படாத ஒருவருக்கு அறுபட்ட கழுத்தைப் பார்த்தால் அன்றிரவு தூக்கம் போய்விடும், வேறொருவருக்கு நேர்மாறு. இரண்டையும் 'முதிர்ந்த உள்ளடக்கம்' என்ற ஒரே பானையில் போடும் தளங்கள் பார்வையாளரைப் பற்றி யோசிக்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

இங்கே என் கட்சியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் தடுக்காத எந்த ஓவியத்தையும் நீக்குவதற்கு முன் முத்திரையிட்டுத் திரைபோட வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் கடைசி மூன்று ஆண்டுகள் இதையே செய்தோம். புகார் வந்தால் படத்தை மங்கலாக்கிவைப்போம். ஓவியருக்குத் தகவல் போகும். அவர் பதில் சொன்னபின் இரண்டு பேர் பார்த்து முடிவெடுப்போம். ஒரே ஒரு விஷயத்தில் எங்களிடம் திரையும் கிடையாது, தயவும் கிடையாது. குழந்தைகளைப் பாலியல் பொருளாகக் காட்டும் படம் வரையப்பட்டதாக இருந்தாலும் உடனே போய்விடும். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு அத்தகைய எழுத்தையும் டிஜிட்டல் படத்தையும் உருவாக்குவதையே குற்றமாக்குகிறது. 'பாத்திரத்துக்கு வயது 300' என்ற வாதத்தோடு வந்தவர்களிடம் நான் ஒரு நிமிடம் கூடப் பேசியதில்லை.

நிர்வாணம் வேறு, ஆபாசம் வேறு என்பதை நம் நீதிமன்றங்கள் தளங்களைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் மீது பாரத மாதாவை நிர்வாணமாகக் காட்டிய ஓவியத்துக்காகப் போடப்பட்ட வழக்குகளை 2008 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், இங்கிலாந்திலிருந்து வந்த ஆபாசத்தை அளக்கும் விக்டோரியா காலத்து ஹிக்ளின் அளவுகோலைக் கைவிட்டது. படத்தின் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்க்காமல், அது சொல்லவரும் செய்தியோடும் சூழலோடும் சேர்த்து, இன்றைய சமூகத்தின் கண்கொண்டு பார்க்க வேண்டும் என்றது. உங்கள் அப்பத்தாவை எந்த நீதிபதியும் ஆபாசம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் தனியார் தளம் சட்டத்தைவிடக் கடுமையான விதியை வைத்துக்கொள்ளலாம்; அதன் வீடு, அதன் விதி. அதனால் நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் காட்டித் தளத்திடம் வாதாடுவது பயன் தராது. தளத்தின் சொந்த விதியையே எடுத்துக்காட்ட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

டிஜிட்டல் ஓவியர்களுக்கென்றே இருக்கும் ஓர் அநீதியை இங்கே சொல்லாமல் போக முடியாது. ஃபேஸ்புக்கின் விதிகளில் நீண்ட நாள் ஒரு வரி இருந்தது. ஓவியம், சிற்பம் இவற்றின் புகைப்படங்களில் நிர்வாண உருவம் இருந்தால் பரவாயில்லை என்று ஓரிடத்தில் அனுமதி. இந்தக் கட்டுப்பாடுகள் டிஜிட்டலாக உருவாக்கப்பட்டவற்றுக்கும் பொருந்தும், கல்வி, நகைச்சுவை, அங்கதம் தவிர என்று இன்னோரிடத்தில் தடை. அதாவது அதே அப்பத்தாவை அதே வெயிலில் எண்ணெய் வண்ணத்தில் கித்தானில் வரைந்து, கைப்பேசியில் படமெடுத்துப் போட்டால் கலை. டேப்லெட்டில் வரைந்தால் கலை என்ற சலுகை கிடையாது. புகைப்படம் போலத் தோன்றும் கணினி உருவங்களைத் தடுக்க நினைத்திருப்பார்கள், புரிகிறது. ஆனால் டேப்லெட்டில் வரைவதும் கையால் வரைவதுதான். ஸ்டைலஸ் பிடித்த விரலில் காய்ப்பு ஏறியிருக்கும் எவரும் அந்த வரியைப் படித்தால் மனம் நோவார்கள். நான் நொந்தேன்.

கித்தானுக்கும் கல்லுக்கும் கிடைத்த சலுகையாவது ஒழுங்காகக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வில்லண்டார்ஃப் வீனஸ் என்ற சுண்ணாம்புக்கல் சிற்பம் இருக்கிறது. உயரம் 11 செண்டிமீட்டர். வயது 25,000 ஆண்டுகளுக்கும் மேல். முகம் கூட இல்லாத அந்தச் சிற்பத்தின் படத்தை ஃபேஸ்புக் நீக்கியது. 2018-இல் அருங்காட்சியகம் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்த பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டது. 2021 அக்டோபரில் வியன்னா நகரச் சுற்றுலா வாரியம் தன் அருங்காட்சியக ஓவியங்களைக் காட்ட, ஆபாசப் படங்களுக்குப் பேர்போன ஒரு கட்டணத் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டிவந்தது.

பிரான்சில் ஓர் ஆசிரியரின் வழக்கு எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுகிறது. 1866-இல் கூர்பே தீட்டி, இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் தொங்கும் நிர்வாண ஓவியத்தைப் பகிர்ந்ததற்கு அடுத்து 2011-இல் அவருடைய ஃபேஸ்புக் கணக்கு மூடப்பட்டது. ஏழு ஆண்டுகள் வழக்காடினார். 2018-இல் பாரிஸ் நீதிமன்றம் ஓவியம் ஆபாசமா இல்லையா என்ற விவாதத்துக்குள் போகவே இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் கணக்கை மூடியது தவறு என்று மட்டும் சொன்னது, இழப்பீடு கிடைக்கவில்லை. அவர் ஏமாந்துவிட்டார் என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தப் படம் கூடும், கூடாது என்பதில் நேர்மையான இருவர் கடைசிவரை வேறுபடலாம். காரணம் சொல்லாமல், பேச வாய்ப்புத் தராமல் வெளியே தள்ளுவதில் அப்படிப்பட்ட கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. நல்ல விதிப் பக்கத்தையும் மோசமான விதிப் பக்கத்தையும் நான் பிரித்துப் பார்ப்பது இதை வைத்துத்தான். தடைப்பட்டியல் எவ்வளவு நீளம் என்பதை நான் பார்ப்பதில்லை. நீக்கப்பட்டவர் என்ன கேட்கலாம், யார், எத்தனை நாளில் பதில் சொல்வார் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவேன்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வலியானது. எங்கள் குழுவில் ஒரு பெண் ஓவியர் நடனக்காரி ஒருத்தியின் உருவத்தை வரைந்து போட்டிருந்தார். இது என் படத்தின் நகல் என்று இன்னொருவர் புகார் கொடுத்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ளதன் ஒளிபுகும் தன்மையைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். முழங்கை வளைவு, இடுப்பின் சாய்வு, பாதத்தின் திருப்பம் எல்லாம் இம்மி பிசகாமல் பொருந்தின. நான் தயங்கவில்லை. படத்தை நீக்கி, 'ட்ரேசிங்' (பிறர் படத்தின் மேல் வைத்து நகலெடுத்தது) என்று எல்லாரும் பார்க்கும்படி காரணமும் எழுதினேன். பதினோரு நாள் கழித்து, சேர்ந்து கிடந்த செய்திகளுக்கு நடுவே அந்தப் பெண் அன்றே அனுப்பியிருந்த பதிலைப் பார்த்தேன். உடல் நிலைகள் பழகுவதற்காக விற்கப்படும் புகைப்படத் தொகுப்பு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிய ரசீது அதில் இருந்தது. புகார் கொடுத்தவரும் அதே தொகுப்பை வாங்கி, அதே புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். இருவருக்கும் அதற்கு முழு உரிமை உண்டு. படத்தைத் திரும்ப வைத்தேன், பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டேன். அதற்குள் அவர் கணக்கை மூடிவிட்டுப் போயிருந்தார். அந்த மன்னிப்பை அவர் படித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

அதன்பின் விதியை மாற்றினோம். திருட்டுப் புகார் வந்தால் பதில் சொல்ல ஓவியருக்கு 72 மணி நேரம். அதற்கு முன் பெயர் சொல்லி எதுவும் எழுதக் கூடாது. பதிப்புரிமையில் சட்டமே இப்படி ஒரு பதில் உரிமையைத் தருகிறது என்பதைப் பல ஓவியர்கள் அறிவதில்லை. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாரின்பேரில் நீக்கப்பட்ட படத்துக்கு நீங்கள் மறுப்பு அறிவிப்பு அனுப்பலாம். புகார் கொடுத்தவர் நீதிமன்றம் போகாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் படத்தைத் திரும்ப வைக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமை விதிகளின்படி, புகார் வந்த 36 மணி நேரத்தில் தளம் படத்தைத் தடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் தடையை விலக்கிக்கொள்ளலாம்.

2022-க்குப் பிறகு எல்லாச் சண்டையும் செயற்கை நுண்ணறிவுப் பக்கம் திரும்பிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் நியூகிரவுண்ட்ஸ், ஃபர் அஃபினிட்டி ஆகிய ஓவியத் தளங்கள் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களைத் தடை செய்தன. அக்டோபர் கடைசியில் பிக்ஸிவ் தடைக்குப் பதில் முத்திரையைக் கட்டாயமாக்கியது. 2000-இலிருந்து ஓவியர்களின் வீடாக இருந்த டீவியண்ட்ஆர்ட் நவம்பரில் தானே ஒரு படம் உருவாக்கும் கருவியை வெளியிட்டது. உங்கள் படங்களை இயந்திரப் பயிற்சிக்கு எடுக்கக் கூடாது என்றால் நீங்கள்தான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று முதலில் வைத்தார்கள். எதிர்ப்பு வெடித்ததும், சொல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாது என்ற குறி எல்லாப் படங்களிலும் தானாக விழும்படி மாற்றினார்கள். டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தின் முகப்பு முழுவதையும் ஓவியர்கள் தடைக்குறி போட்ட ஒரே எதிர்ப்புப் படத்தால் நிரப்பினார்கள். அந்தக் கோபத்தில் நானும் பங்குகொண்டேன்.

ஆனால் அதே டிசம்பரின் கடைசியில் நடந்தது என்னை உலுக்கியது. ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட ஓவியக் குழுவில், வியட்நாமைச் சேர்ந்த ஓவியர் ஒருவரின் டிஜிட்டல் ஓவியத்தை இயந்திரம் செய்தது என்று சொல்லி நீக்கி, அவரையும் தடை செய்தார்கள். வேலைக் கோப்பைக் காட்டுகிறேன் என்றார் அவர். மட்டுறுத்துநர் தந்த பதிலின் சாரம் இது: நம்பமாட்டேன்; நீயே வரைந்திருந்தாலும் இயந்திரப் படம் போல இருக்கிறது; வேறு பாணிக்கு மாறு. யோசித்துப் பாருங்கள். இயந்திரம் ஓவியர்களின் பாணியைத் தின்று வளர்ந்தது. இப்போது ஓவியர் தன் பாணியை இயந்திரத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டுமாம். ஓவியர்களைக் காப்பதற்கென்று எழுதிய விதி ஓவியரின் கழுத்தையே பிடித்தது. கோப்பைக் காட்டுகிறேன் என்றவரிடம், காட்டு என்று யாரும் சொல்லாததுதான் அங்கே நடந்த தவறு.

எங்களிடமும் அப்படி ஒரு புகார் வந்தது. ஒரு இளைஞர் வரைந்த மீன் சந்தைப் படம். காதணிகள் இரண்டும் ஒன்றுபோல் இல்லை, ஒரு விரல் அளவுக்கு மீறி நீளம், ஆகவே இயந்திரம் என்றார்கள். கோப்பை அனுப்பச் சொன்னேன். திறந்தால் அறுபதுக்கு மேல் லேயர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்குகள். மறைத்துவைத்திருந்த லேயர்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அந்த இடது கை ஐந்து முறை வரையப்பட்டு மறைக்கப்பட்டிருந்தது. ஒரு லேயரின் பெயர் 'கை மறுபடியும்'. அடியில் நீல நிறக் கோட்டில் முதல் ஸ்கெட்ச், அதில் கூடைக்காரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நீளமானது அவருக்கு வரைய வராததால்தான். கை வரைவது கடினம். நாம் எல்லாரும் அங்கே சறுக்கியிருக்கிறோம். கண்டறியும் மென்பொருளில் அதே படத்தைப் போட்டபோது அது இயந்திரப் படம் என்றே சொன்னது. அன்றிலிருந்து அந்த மென்பொருளின் எண்ணைச் சான்றாக ஏற்பதை நிறுத்திவிட்டோம்.

மட்டுறுத்துநர்களின் நிலையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். வெட்டுப்பட்ட உடல்களையும் குழந்தைகளின் படங்களையும் நாள் முழுதும் பார்ப்பது மனத்தைச் சிதைக்கும் வேலை. 2020-இல் ஃபேஸ்புக் தன் மட்டுறுத்துநர்களின் மனநலப் பாதிப்பு வழக்கை 5.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. உங்களுக்குப் பதில் எழுதப்போகிறவர் அப்படி ஒரு நாளின் முடிவில் இருக்கலாம். அவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வந்த அறிவிப்பைத் தேதி, நேரம் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைக் கோப்பையும், வரையும் செயலி தானே பதிந்த டைம்லாப்ஸையும் (வரைந்த விதத்தை வேகமாக ஓட்டிக்காட்டும் காணொளி) இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். எச்சரிக்கை மூன்றானால் கணக்கே போகும் தளங்கள் உண்டு, ஆகவே மற்ற படங்களையும் இன்றே இறக்கி வையுங்கள். பிறகு தளத்தின் விதிப் பக்கத்தில் நிர்வாணம் என்பதற்கு என்ன வரையறை எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் மார்பின் காம்பு, பிறப்புறுப்பு, பிட்டம் என்று உறுப்புகளைச் சொல்லியிருப்பார்கள். தோள் அந்தப் பட்டியலில் இருக்காது. மேல்முறையீட்டில் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதி, என் படத்தில் இவற்றில் எது தெரிகிறது என்று கேளுங்கள். அடுத்த இரண்டு வாக்கியத்தில், இவர் என் பாட்டி, இவர் தலைமுறையில் எங்கள் ஊர்ப் பெண்கள் ரவிக்கை அணிவதில்லை, இது வீட்டு உடை என்று சொல்லுங்கள். மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். எரிந்து விழ வேண்டாம். தணிக்கை, அடக்குமுறை போன்ற சொற்களை எழுத வேண்டாம். நான் அந்தப் பக்கத்தில் இருந்தபோது ஆறு வரியில் விதியைச் சுட்டிக்காட்டியவர்களுக்கு அன்றே பதில் போனது.

அசையவில்லை என்றால் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி தளத்துக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 7 நாளில் தீர்க்க வேண்டும்; 2026 பிப்ரவரித் திருத்தம் வரை இது 15 நாளாக இருந்தது. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடகம் என்றால், தானாக ஒன்றை நீக்கும்போது காரணத்தைச் சொல்லி, மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்று அந்த விதிகளின் நான்காவது விதியே சொல்கிறது. 'நிர்வாணம்' என்ற ஒற்றைச் சொல் காரணம் ஆகாது என்று எழுதுங்கள். அலுவலரின் முடிவும் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023-இல் அமைக்கப்பட்டது, எல்லாம் இணையவழிதான், வக்கீல் தேவையில்லை. உங்கள் தளம் சிறியது, இந்தியாவில் அலுவலரே இல்லை என்றால் இந்த வழி கைகொடுக்காது. அப்போது தளத்தின் மேல்முறையீடு ஒன்றுதான் கதி.

கடைசியாக, ரவிக்கை வரைந்து மறுபடி ஏற்றலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். முதல் காரணம் நடைமுறை சார்ந்தது: நீக்கிய படத்தை மேல்முறையீடு முடிவதற்குள் சிறு மாற்றத்தோடு மறுபடி ஏற்றினால் பல தளங்கள் அதை இரண்டாவது மீறலாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது காரணம் அந்தத் தோள். பச்சை குத்திய புள்ளிகளும் சுருக்கமும் கூடும் அந்த இடத்துக்காகத்தான் நீங்கள் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேல்முறையீட்டை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். வாசகத்தைச் சரிபார்த்துத் தருகிறேன். பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில், திண்ணையின் இடது மூலையில் சும்மா விட்டிருக்கும் முறத்தை முடித்துவிடுங்கள். அங்கே இன்னும் ஒரு பிடி கீரை வேண்டும்.